பார்க்கர் வீட்டார் எதைப் பார்த்தார்கள்

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையின்போது முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று மூன்று வாரம் அறிவிப்பது எங்கள் வழக்கம். என் பெயர், அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் சரியாக வந்தன. மாப்பிள்ளை பக்கத்துக்கு வந்ததும் சாமியார் கொஞ்சம் தடுமாறினார். தாளைக் கண்ணருகே கொண்டுபோய், செம்பட்டிக்கு அருகே உள்ள ஊரைச் சொல்லி, "பார்க்கர் வீட்டு" என்று வாசித்துவிட்டு, தான் சரியாகத்தான் வாசித்தோமா என்ற சந்தேகத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அப்பா கேட்டார். "அதென்ன பார்க்கர் வீடு?"

அம்மா செருப்பைத் தேடிக்கொண்டே, "எதையாச்சும் பார்த்திருப்பாங்க" என்றாள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கல்யாணமாகி அந்த ஊருக்குப் போன பிறகு, வீட்டுக்கு வீடு இப்படி ஒரு பெயர் இருப்பதைப் பார்த்தேன். மச்சு வீடு, கிடங்கு வீடு, புளியமரத்து வீடு. கிடங்கு வீட்டில் கிடங்கு கிடையாது. புளியமரமும் எப்போதோ போய்விட்டது. பெயர் மட்டும் நின்றது, அதைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை. எங்கள் வீட்டில் மாமனார், மாமியார், என் கணவர், அவருடைய தங்கை, நான். மாமனாருக்கு மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம். கடலை, சோளம், கிணற்றடியில் மல்லிகை. நாத்தனார் மதுரையில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். நான் திண்டுக்கல்லில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தேன். தினமும் பஸ். கண்டக்டர்கூட என்னை "பார்க்கர் வீட்டு டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார்.

கணவரிடம் கேட்டேன். "வீட்டுப் பேரு, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

மாமனாரிடம் கேட்டபோது அவருக்கு முகம் மலர்ந்தது. அந்தப் பக்கத்தில் தாத்தாவைச் சீயான் என்பார்கள். "எங்க சீயான் தண்ணி பார்க்கிறவருத்தா. கையில வேப்பங்கவைக் குச்சியப் பிடிச்சுக்கிட்டு நடந்தார்னா, அடியில தண்ணி இருக்கிற இடத்துல கவை தன்னால குனியும். ரெட்டியார்சத்திரத்துல இருந்தெல்லாம் வண்டி கட்டிக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போவாங்களாம். தண்ணி பார்க்கிறவரு வீடு. அதான் பார்க்கர் வீடு."

எனக்கு அது போதுமாகத்தான் இருந்தது. ஆனால் எதிர்வீட்டில் பூக் கட்டும் அம்மா வேறு சொன்னாள். "தண்ணியா? இல்லையே. மாட்டுக்கு வைத்தியம் பார்த்தாரு. நாக்கப் புடிச்சு இழுத்துப் பார்த்தே என்ன சீக்குன்னு சொல்லிருவாராம்." செம்பட்டி டீக்கடைக்காரர், பஸ்ஸுக்காக நான் நிற்கும்போது, தோப்புக்குக் காவல் பார்த்த குடும்பம் என்றார். ஆக ஆளாளுக்கு ஒன்றைப் பார்க்க வைத்தார்கள்.

எங்கள் பள்ளித் தமிழாசிரியரிடம் ஒரு நாள் இதைச் சொன்னேன். பார்க்கிறவர் என்பது தேய்ந்து பார்க்கர் ஆகுமா என்று கேட்டேன். அவர் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டே யோசித்தார்.

"ஆகாதும்மா. எழுதுகிறவர் எழுதர் ஆனாரா? சமைக்கிறவர் சமைக்கர் ஆனாரா? உங்க வீட்ல மட்டும் எப்படி ஆகும்?"

அதற்குப் பிறகு அந்தப் பெயர் என் காதில் வேறு மாதிரி ஒலிக்க ஆரம்பித்தது. சில மாதம் கழித்து எங்கள் தலைமையாசிரியைக்கு யாரோ ஒரு பேனா பரிசாகக் கொடுத்தார்கள். சிறிய நீலப் பெட்டி. மூடியின்மேல் ஆங்கிலத்தில் பார்க்கர். அந்தப் பேனாவை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பெயரும் அந்தப் பெயரும் ஒன்று என்று மட்டும் ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. தமிழில் கேட்ட பெயரை ஆங்கில எழுத்தில் படித்ததும் முதுகில் யாரோ தட்டியது போல இருந்தது. அது ஒரு வெள்ளைக்காரக் குடும்பப் பெயர். பள்ளி அகராதியைப் புரட்டினேன். வண்டியை நிறுத்தி வைப்பவர் என்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் நிறுத்தி வைக்க அந்தக் காலத்தில் மாட்டு வண்டியைத் தவிர என்ன இருந்திருக்கும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவரைக்காய் வெஞ்சனம். நான் பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னேன். "மாமா, நம்ம வீட்டுப் பேரு தமிழே இல்ல. அது வெள்ளைக்காரங்க பேரு."

மாமனார் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல மாமா. பேனாப் பெட்டியில பார்த்தேன்."

"பேனாப் பெட்டியில பார்த்தியா." தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே கை கழுவ எழுந்து போனார். அன்று மாலை வரை தோட்டத்திலிருந்து வரவில்லை. கணவர் என்னிடம் பேசவில்லை. நான் என்ன தப்புச் செய்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மாமியார் முற்றத்தில் மிளகாய் வற்றலைக் கிளறிவிட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார். முன்னொரு காலத்தில் வரப்புத் தகராறு ஒன்று வந்திருக்கிறது. அதில் எதிராளி ஊர்க் கூட்டத்தில் நின்றுகொண்டு, வெள்ளைக்காரனுக்குப் பிறந்த வீடு என்று இவர்களைச் சொல்லிவிட்டான். மாமனாருடைய அப்பா அந்த ஆளோடும் அவன் சொந்தக்காரர்களோடும் சாகும்வரை பேசவில்லை. கோயிலில்கூட வேறு பக்கம் உட்காருவாராம்.

"எங்க வீட்டுக்காரருக்கு அப்ப பத்து வயசாம். கூட்டத்துல நின்னுருக்காரு. நீ அந்தப் பேச்ச எடுத்ததும் அவருக்கு அது ஞாபகம் வந்துருச்சு. இனி கேக்காத தாயி."

நான் கேட்கவில்லை. ஐந்தாறு வருஷம் கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் இருப்பதும் யோசிக்காமல் இருப்பதும் ஒன்றல்ல. தண்ணீர் பார்த்த கதை, அந்த அவமானத்தை மூடுவதற்காக யாரோ விரித்த துணியாக இருக்குமோ என்று பஸ்ஸில் உட்கார்ந்து பலமுறை நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்ததற்காக எனக்கே என்மேல் கோபமும் வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாத்தனாருக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நானும் அவளும் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்களில் யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது. பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "பார்க்கர்னு போட்ருவமா மதினி?"

"உங்க அப்பா என்னைய வீட்டை விட்டு அனுப்பவா?"

சிரித்துவிட்டு அப்பா பெயரையே எழுதினாள். அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. அங்கே போனதும் ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். சட்டையில் குத்தும் பெயர் வில்லையிலும் அதுதான். போனில் அவள் இதைச் சொன்னதும் மாமனார் திகைத்துப்போனார். "எம்பேரச் சொல்லியா கூப்புடுறாங்க? அம்புட்டுப் பேருமா?" அவருடைய பெயரை ஊரில் யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதற்கப்புறம் நாலைந்து நாள் தோட்டத்தில் வேலை செய்யும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்ததாக மாமியார் சொன்னார்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் அவள் ஒரு முதியவரைச் சந்தித்தாள். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஓய்வுபெற்ற தச்சர். தலைமாட்டில் தொங்கிய அட்டையில் குடும்பப் பெயர் பார்க்கர். இவள் அதைப் படித்துவிட்டுச் சிரித்திருக்கிறாள். என்ன சிரிப்பு என்று அவர் கேட்க, எங்கள் வீட்டுப் பெயரும் இதுதான் என்றாளாம். அவர் அவள் சட்டை வில்லையைக் காட்டி, இதில் வேறு பெயர் இருக்கிறதே என்றாராம். அது எங்கள் அப்பா பெயர் என்று இவள் சொல்ல, அப்படியானால் உன் பெயர்தான் என்ன என்று அவர் குழம்பிப்போனாராம். ஒருவழியாக விளங்கவைத்த பிறகு, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா என்று அவரே கேட்டிருக்கிறார். அவருடைய மகனுக்குக் குடும்ப வரலாறு தேடுவதில் பைத்தியமாம்.

ஒரு மாதத்தில் எனக்கு ஒரு கனமான உறை வந்தது. குடும்பப் பெயர்களின் அகராதி ஒன்றிலிருந்து நகலெடுத்த சில பக்கங்கள், அந்த முதியவர் பென்சிலில் வரைந்த ஒரு படம், நாத்தனாரின் கடிதம். கடிதத்தில், "அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுங்க மதினி, பயப்படாதீங்க" என்று எழுதியிருந்தாள்.

பயம் இருக்கத்தான் செய்தது. அதனால் முதலில் நானே பள்ளியில் வைத்துப் படித்தேன். பிரான்சின் வடக்கிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தவர்களோடு அந்தச் சொல்லும் போயிருக்கிறது. அரசனும் பிரபுக்களும் வேட்டையாடுவதற்காகக் காட்டில் ஒரு பகுதியை வேலியடைத்து, உள்ளே மான்களை வளர்த்தார்கள். அந்த அடைப்புக்குப் பெயர்தான் பார்க். இப்போது நாம் குழந்தைகளைச் சறுக்குமரம் விளையாடக் கூட்டிப்போகும் பூங்காவுக்கும் அதே சொல். அந்த அடைப்பைக் காவல் காத்தவர் பார்க்கர். திருட்டு வேட்டைக்காரர்களைப் பிடிப்பது, வேலியைச் செப்பனிடுவது, குளிர்காலத்தில் மான்களுக்குத் தீனி போடுவது எல்லாம் அவர் வேலை. முதலில் தொழிலின் பெயராக இருந்தது, போகப்போக மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. பேரன் தச்சனானாலும் பார்க்கர்தான்.

பக்கத்திலேயே பார்க்கின்சன் என்ற பெயரும் இருந்தது. அதுவும் இந்தக் காவல்காரனின் மகன்தான் என்று நினைத்தேன். இல்லையாம். அது பீட்டர் என்ற பெயரின் செல்லச் சுருக்கத்திலிருந்து வந்ததாம். பீட்டர் என்றால் எங்களுக்கு இராயப்பர். ஆக, பார்க்கின்சன் என்பவர் இராயப்பன் மகன். திண்டுக்கல்லில் இராயப்பன் மகன்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

சனிக்கிழமை மாமனார் களத்தில் கடலையைக் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் உறையோடு போய் நின்றேன். "மாமா, உங்க மக ஒரு பேப்பர் அனுப்பிருக்கா. உங்களுக்கு வாசிச்சுக் காட்டச் சொன்னா."

உறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "செத்த நேரம் இரு" என்று சொல்லி, காலால் கடலையைத் தள்ளிவிட்டு, சாக்கை விரித்து உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மான் என்றதும் தலை நிமிர்ந்தது.

"வேலி எம்புட்டு ஒசரமாம்?"

"போடல மாமா."

"மான் தாண்டாதா?"

அப்போதுதான் முதியவரின் பென்சில் படத்தை எடுத்தேன். காட்டைச் சுற்றி மண்ணைக் குவித்துக் கரை எழுப்பி, அதன்மேல் மரவேலி நட்டிருப்பார்கள். ஓரிடத்தில் மட்டும் வேலியைத் தணித்து, உட்புறத்தில் ஆழமாகப் பள்ளம் தோண்டிவிடுவார்கள். வெளியே திரியும் மான் அந்த இடத்தில் சுலபமாக உள்ளே குதித்துவிடும். உள்ளிருக்கும் மான் பள்ளத்திலிருந்து எம்பி வெளியே போக முடியாது. மானாகவே வந்து அடைபட்டுக்கொள்ளும்.

மாமனார் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காட்டுப்பன்றிகளோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியவர் அவர். மலையிலிருந்து இறங்கி ஒரு பொழுதில் கடலைக்காட்டை உழுதுவிட்டுப் போய்விடும்.

"நமக்கு இத அப்படியே திருப்பிப் போடணும்த்தா. பள்ளம் வெளிய இருக்கணும். உள்ள வந்த பன்னி சுளுவா வெளிய போயிரணும், வெளிய இருக்கிறது உள்ள வரக் கூடாது." விரலால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோடுகளை உள்ளங்கையால் அழித்தார். பிறகு வேறு குரலில் கேட்டார். "அப்ப அந்தப் பேரு தொரைமார் பேரு இல்லையா? காவக்காரன் பேருதானா?"

"காவக்காரன் பேருதான் மாமா."

இரண்டு நாள் கழித்துக் காலையில் நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது அடுப்படி வாசலில் வந்து நின்றார். "ஏத்தா, சனிக்கிழம ஒனக்கு லீவுதான? நம்ம பழைய பங்குக் கோயில்ல கணக்குப் பொஸ்தகம் இருக்கும். ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் எழுதி வச்சிருப்பாங்க. போய்ப் பார்த்துட்டு வருவமா?"

எங்கள் ஊர்க் கோயில் தனிப் பங்காவதற்கு முன்னால் இருந்த தாய்ப் பங்கு அது. இரண்டு பஸ் மாறிப் போனோம். மாமனார் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பங்குச் சாமியார் வயதானவர், லத்தீன் தெரிந்தவர். அந்தக் காலத்துப் பதிவெல்லாம் லத்தீனில்தான். நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் ஆர்வமாகிவிட்டார். பீரோவைத் திறந்து, செல்லரித்த இரண்டு பெரிய புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்து, ஈரத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

மாமனாருக்குத் தன் சீயானின் பெயரும், அவருடைய அப்பா அம்மா பெயரும் தெரியும். அதை வைத்துத் தேடினோம். மதியம் ஆகிவிட்டது. முதலில் ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது. சாமியார் விரலை வைத்து மெதுவாக வாசித்தார். குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், ஊர், ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்கள். எல்லாம் எங்கள் ஊர்ப் பெயர்கள்.

"பார்க்கர்னு இருக்கா சாமி?" மாமனார் புத்தகத்தின்மேல் குனிந்தார்.

"இல்லையே."

அடுத்த புத்தகத்தில் அதே ஆளின் மெய்விவாகப் பதிவை, அதாவது கல்யாணப் பதிவைத் தேடினோம். அது சீக்கிரமே கிடைத்தது. அங்கே பெயருக்குப் பக்கத்தில், வேறு மையில் எழுதியது போல, பார்க்கர் என்று இருந்தது. அதையடுத்து ஒரு லத்தீன் சொல். "ஹோர்த்துலானுஸ்" என்று வாசித்தார் சாமியார். "அப்படின்னா தோட்டக்காரர். பார்க்கர்ங்கிறவர்கிட்ட தோட்டக்காரரா இருந்திருக்கார் போல. ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா அடையாளத்துக்காக இப்படி எழுதுவாங்க."

பிறக்கும்போது இல்லாத பெயர், கல்யாணத்துக்குள் வந்து ஒட்டியிருக்கிறது. நடுவில் இருந்த இருபத்துச் சொச்சம் வருஷத்தில் ஏதோ ஒரு வெள்ளைக்காரரின் தோட்டத்தில் வேலை. கோர்ட்டில் இது சாட்சியாக நிற்குமா என்று எனக்குத் தெரியாது. மாமனாருக்குப் போதுமாக இருந்தது. சாமியாரின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "தகப்பன் பேர இன்னொருக்கா வாசிங்க சாமி" என்றார். சாமியார் முதல் புத்தகத்தைத் திறந்து மறுபடி வாசித்தார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பெட்டிக்கடையில் எனக்கு ஒரு கலர் வாங்கிக் கொடுத்தார். தான் ஒன்றும் குடிக்கவில்லை.

"எனக்கும் உள்ளுக்குள்ள சந்தேகம் இருந்துச்சு தாயி. ஒங்கிட்ட சொல்றதுக்கென்ன. எங்கய்யா அம்புட்டுக் கோவப்பட்டாரே, ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டுக் கோவம்னு. கண்ணாடியப் பார்க்கிறப்பக்கூட அந்த நெனப்பு வரும்." சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தோட்டக்காரருங்கிறாரு. அப்ப தண்ணி பார்க்கலையா?" என்று கேட்டார். குரலில் ஒரு குறை இருந்தது.

பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். "தோட்டக்காரன் தண்ணி பார்க்காம வேற யாரு பார்ப்பா?"

அந்த வெள்ளைக்காரர் யார், என்ன வேலையாக வந்தார், தோட்டம் எங்கே இருந்தது என்பதையெல்லாம் நான் பிறகு எவ்வளவோ தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருடைய பெயரைச் சுமந்தவர்கள் நாங்கள்தான் மிச்சம். நாத்தனார் விடுமுறையில் வந்தபோது அந்த முதிய தச்சரிடமிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தாள். தன் முன்னோர் யாரும் இந்தியாவுக்கு வந்ததாக மகனுடைய தேடலில் இல்லை என்றும், அதனால் உங்கள் பார்க்கர் எங்கள் பார்க்கர் இல்லை, ஆனாலும் கடிதம் எழுதத் தடையில்லை என்று நினைக்கிறேன் என்றும் எழுதியிருந்தார்.

மாமனார் பதில் எழுதவேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதலில் உடம்பை விசாரித்தார். இடுப்புக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னார். பள்ளத்தில் மான் குதிக்கும்போது கால் ஒடியாதா, அந்தப் பள்ளத்துக்குள் தண்ணீர் தேங்கினால் என்ன செய்வார்கள் என்று கேட்டார். கடைசியில், நான் முடிக்கப் போகும்போது கையைக் காட்டி நிறுத்தினார். நான் பேனாவோடு காத்திருந்தேன்.

"இதையும் எழுது. அந்தப் பேரு ஒங்களுதோ இல்ல வேற யாருதோ, நாலு தலமொறையா நாங்க வச்சிருக்கோம். அதுக்கு நாங்க கெட்ட பேரு எதுவும் வாங்கிக் குடுக்கல. அதச் சொல்லிரு."

தமிழில் எழுதிய வரியை ஆங்கிலத்தில் மாற்ற எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேவைப்பட்டது. கூப்பிடும் பெயர், ஊரில் வாங்கும் பெயர் என்று, பெயர் என்ற ஒரே சொல் நம்மிடம் இரண்டு வேலையும் செய்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லை அப்படி இழுக்கலாம், ஆனால் பெயருக்கே கெட்ட பெயர் என்றால் அங்கே வேடிக்கையாக ஒலித்தது. நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். எதுவும் அவர் சொன்னது போல இல்லை. கடைசியில் தமிழ் வரியையே எங்கள் எழுத்தில் அப்படியே எழுதி, அதற்குக் கீழே அர்த்தத்தைச் சாதாரண ஆங்கிலத்தில் எழுதினேன். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும் வழியில் செம்பட்டி தபால் நிலையத்தில் தபால்தலை ஒட்டிப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.